பொருத்தமும் பொறுப்பும்

ஆக்குபவன் ஓரிடத்தில் இருக்க, ஆக்கப்பட்ட பொருள் வேறோரிடத்தில் வாழ்வது உலக இயல்பு. தச்சன் இழைத்த கதவு அவன் கண்டிராத வீட்டின் நிலையில் பொருத்தப்படுகிறது. ஆசிரியர் புகட்டிய பாடம் அவர் காணப்போகாத ஒரு நாளில், மாணவன் எடுக்கும் முடிவில் வெளிப்படுகிறது. இப்பிரிவு தவிர்க்க முடியாதது, பழிக்கத்தக்கதும் அன்று. ஆயினும் இதனின்றும் ஓர் அறக்கேள்வி பிறக்கிறது. தான் காணாத இடத்தில், தான் அறியாத மனிதர்க்குப் பயன்படப்போகும் ஒன்றை ஆக்குபவனுக்கு அவ்விடத்தின்பால் உள்ள கடமை யாது? பொருந்துமோ பொருந்தாதோ என்னும் ஐயம் எழுந்தபொழுது, 'பெரும்பாலும் பொருந்தும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே செல்வது முறையாகுமா?

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், சி ரூசா வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரங்களோடு வாழ்ந்த மக்களுக்கு இக்கேள்வி புதியதன்று. ரப்பர் மரத்தை விதையிலிருந்தே வளர்த்த காலம் ஒன்று இருந்தது. பின்னர் ஒட்டுக்கட்டும் முறை பரவியது. தேர்ந்த மரத்தின் மொட்டினைப் பட்டையோடு பெயர்த்தெடுத்து, வேரூன்றி நிற்கும் அடிக்கன்றின் பட்டையைக் கீறி அதனுள் செலுத்திக் கட்டுவர். பட்டைக்கும் கட்டைக்கும் இடைப்பட்ட வளர்படலம் இரண்டிலும் ஒன்றோடொன்று கூடினால் ஒட்டுப் பிழைக்கும். 1925-இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பல ஒட்டு வகைகளை உருவாக்கிப் பரப்பிற்று. அவற்றுள் பெயர்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்பது, சாவகத்து வகை ஒன்றும் பி.பி. 86 என்னும் வகையும் கலந்து பிறந்தது. பி.பி. என்னும் எழுத்துகள் பிராங் பெசார் தோட்டத்தைக் குறிப்பன. இன்று புத்ராஜெயா எழுந்து நிற்பது அந்நிலத்தில்தான். இவ்வாறு ஒட்டு வகையின் பெயரே அதன் பிறப்பைச் சொல்லும் பதிவாக விளங்குகிறது.

அப்பதிவு பொய்த்தால் நேர்வது என்ன? மொட்டுக் கம்பில் கட்டிய சீட்டில் ஒரு வகையின் பெயருக்கு மாறாக வேறொரு வகையின் பெயர் எழுதப்பட்டிருப்பின், அன்று அதனை எவரும் அறியார். ஒட்டுப் பிழைக்கும், கன்று தழைக்கும், இலை பசுமையாகவே இருக்கும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கழிந்து, மரம் பருத்து, பால் வெட்டத் தொடங்கும்போதுதான் குறை வெளிப்படும். சீட்டு எழுதியவன் அன்று அங்கே இருப்பான் என்பதற்கு உறுதியில்லை. குறைந்த பாலுக்கு மறுமொழி சொல்லும் நிலையில் நிற்பவர் வெட்டுக்கத்தி பிடித்த தொழிலாளியே. பிழை ஒருவருடையது, சுமை மற்றொருவருடையது. பொருந்தாமையின் கொடுமை இத்தன்மையதே.

இதே கேள்வி இன்று கணினித் துறையின் மிக நுட்பமான ஒரு பணியில் எழுந்து நிற்கிறது. இணையத் தொடர்பு இல்லாத சூழலுக்காகக் கொள்கலப் படிமங்களை ஆக்குவோர், அவற்றினுள் வைக்கும் தொகுப்பியின் பதிப்பைக் கருநிரலோடு பொருத்த வேண்டியுள்ளது. சொல்லளவில் இது வெறுந்தொழில் நுணுக்கமாகத் தோன்றலாம். உள்ளே புகுந்து காண்பார்க்கு அதனுள் வாய்மையும் பொறுப்பும் பற்றிய பழைய வழக்கே புதிய உடையில் நிற்பது புலனாகும்.

கருநிரலும் கொள்கலமும்

கணினியில் இயங்கும் எல்லா நிரல்களுக்கும் அடித்தளமாக ஒரு நிரல் உண்டு. அதனைக் கெர்னல் என்பர், கருநிரல் எனலாம். நினைவகத்தைப் பங்கிடுவதும், செயலியின் நேரத்தை நிரல்களுக்குப் பகிர்ந்தளிப்பதும், இணைக்கப்பட்ட கருவிகளோடு பேசுவதும் அதன் வேலை. 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அத்தகைய கருநிரல்களுள் ஒன்று. 2017 நவம்பரில் வெளியான உலகின் 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றவை அனைத்தும் லினக்ஸையே அடித்தளமாகக் கொண்டிருந்தன.

கருநிரல் மனிதர் படித்தறியக்கூடிய சி என்னும் நிரல்மொழியில் எழுதப்படுகிறது. இயந்திரத்துக்கு அம்மொழி விளங்காது. மூலத்தை இயந்திர மொழிக்குப் பெயர்த்துத் தரும் நிரலே தொகுப்பி. கம்பைலர் என வழங்குவதும் அதுவே. அது ஒரு மொழிபெயர்ப்பாளன். ரிச்சர்டு ஸ்டால்மன் 1987-இல் முதன்முதலில் வெளியிட்ட ஜி.சி.சி. என்னும் தொகுப்பி, லினக்ஸ் கருநிரலைப் பெயர்ப்பதில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் அது புதிய ஆணைகளைக் கற்றுக்கொள்கிறது. ஒரே நூலை இரு மொழிபெயர்ப்பாளர் பெயர்த்தால் பொருள் ஒன்றாயினும் நடை வேறுபடும். சில இடங்களில் ஒருவர் அறிந்த நுட்பத்தை மற்றவர் அறியார். ஒரே தொகுப்பியின் இரு பதிப்புகளுக்கும் இஃது ஒக்கும்.

இனிக் கொள்கலம் என்பது யாது? ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய துணைகளையும் ஒன்றாகக் கட்டி, எந்தக் கணினிக்கும் கொண்டு செல்லத்தக்கதாக ஆக்கிய அமைப்பு அது. அக்கட்டினைப் படிமம் என்பர். கொள்கலத்துக்குத் தனக்கென்று கருநிரல் கிடையாது. எக்கணினியில் இறங்குகிறதோ அதன் கருநிரலையே அது பயன்படுத்திக்கொள்ளும். தோட்டத்து லயன் வீடுகளை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக்கதவு உண்டு, தனி அடுப்பு உண்டு; கூரையும் அடித்தளமும் அனைவர்க்கும் ஒன்றே. ஒரு வீட்டார் தம் அடுப்பை எங்கே வைத்தாலும் அடுத்த வீட்டார்க்குக் கேடில்லை. பொது உத்திரத்தில் அவர்கள் ஆணி அடிக்கத் தொடங்கினால் அது வரிசை முழுவதன் கவலையாகும்.

பெரும்பாலான கொள்கலங்கள் அடுப்பு வேலையோடு நின்றுவிடும். வரைவியல் செயலி முதலிய கருவிகளுக்கான இயக்கிகளைக் கொண்டு வரும் கொள்கலங்களோ உத்திரத்தில் கை வைப்பவை. இயக்கியின் ஒரு பகுதி கருநிரலுக்குள்ளேயே புகுந்து அதன் உறுப்பாகி நின்றால்தான் வேலை நடக்கும். அப்பகுதியைப் படிமத்தினுள் இருக்கும் தொகுப்பி ஆக்குகிறது. கருநிரலை முன்னர் வேறெங்கோ வேறொரு தொகுப்பி ஆக்கியிருக்கிறது. மொட்டு ஓரிடத்தது, அடிக்கன்று ஓரிடத்தது. இரண்டும் கூடுமா என்பதே கேள்வி.

இணையம் இருந்தால் குறையை உடனே நிரப்பிக்கொள்ளலாம். வேண்டிய பதிப்பைத் தருவித்துச் சேர்த்துவிடலாம். மருத்துவமனைகள், வங்கிகள், பாதுகாப்புத் துறைகள், ஆராய்ச்சிக் கூடங்கள் ஆகியவற்றில் பல கணினிகள் பாதுகாப்புக் கருதி வெளியுலகத் தொடர்பின்றி வைக்கப்பட்டுள்ளன. அங்கே செல்லும் படிமம், வழியில் கடை இல்லாத பயணத்துக்குக் கட்டுச்சோறு போன்றது. கட்டும்போது மறந்தது வழியில் கிடைக்காது.

பொருள் என்னும் பெயருடைய கணினி

தமிழ் நிலத்திலிருந்தே ஒரு சான்று காணலாம். திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் 25-ஆம் நாள் ஒரு மீத்திறன் கணினி நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அதன் பெயர் பரம் பொருள். இந்தியாவின் தேசிய மீக்கணிமைத் திட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட இது, நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகளைச் செய்யும் உச்ச ஆற்றல் உடையது. பொருள் என்னும் சொல் தமிழில் செல்வத்தையும் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். உலகிலுள்ள பண்டத்தையும் குறிக்கும். அத்தகைய கணினிகளில் ஒரே நேரத்தில் பல ஆய்வாளர்கள் தத்தம் கணக்குகளை இயக்குவர். ஒருவர் மழையைக் கணிப்பார். மற்றொருவர் மருந்தின் மூலக்கூற்றை ஆராய்வார். இவர்கள் யாவரும் அடியிலுள்ள கருநிரலை நம்பியே நிற்கின்றனர். அக்கருநிரலுக்குள் பொருந்தாத உறுப்பு ஒன்று புகுமாயின், கணினி நின்றுபோவது சிறிய தீங்கே. நிற்காமல் ஓடித் தவறான விடையைத் தருவதும், காக்க வேண்டியதைக் கசியவிடுவதும் அதனினும் பெரிய தீங்குகள்.

இவ்விடத்தில் மறைந்த பொருந்தாமைக்கும் வெளிப்பட்ட பொருந்தாமைக்கும் உள்ள வேறுபாட்டைக் கருத வேண்டும். ஒருங்குறி பரவுமுன் தமிழைக் கணினியில் எழுதியவர்கள் ஒரு துன்பத்தை நன்கறிவர். ஓர் எழுத்துருவில் எழுதிய கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற குறிகள் திரையை நிறைக்கும். துன்பமே ஆயினும் அது நேர்மையான துன்பம். பொருந்தவில்லை என்பதைக் கண்ணுக்கே காட்டிவிடும். தொகுப்பியின் பொருந்தாமை எப்போதும் அவ்வாறு காட்டிக்கொள்வதில்லை. தவறான சீட்டுக் கட்டிய மொட்டினைப் போல அது தழைத்து நிற்கும்.

யாரைக் கேட்பது

ஒவ்வொரு லினக்ஸ் கருநிரலும், தான் எத்தொகுப்பியின் எப்பதிப்பால் ஆக்கப்பட்டது என்னும் செய்தியைத் தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. கேட்டால் சொல்லும். எனவே அதனைக் கேட்டு, அதே பதிப்பைப் படிமத்தில் வைத்தால் போதுமன்றோ என்று தோன்றும்.

இங்கேதான் ஓர் எளிய ஏமாற்றம் காத்திருக்கிறது. படிமம் ஆக்கப்படும் கணினி வேறு. அது வாழப்போகும் கணினி வேறு. ஆக்கும் நேரத்தில், 'இங்குள்ள கருநிரல் எது' என்று கேட்டால், ஆக்கும் கணினியின் கருநிரலே விடை சொல்லும். அவ்விடை பொய்யன்று, எழுத்துக்கு எழுத்து உண்மை. கேட்க வேண்டியவரைக் கேளாமல் அருகில் இருந்தவரைக் கேட்டதே பிழை. பெண்ணின் விருப்பத்தை அறியப் புறப்பட்டவர், தெருமுனையில் கண்ட மாமனையே கேட்டுத் திரும்பினால் அதனைச் சம்மதம் என்று கொள்வதற்கில்லை. உண்மையான விடை கிடைத்துவிட்ட நிறைவே, தவறான இடத்தில் கேட்டோம் என்பதை மறைத்துவிடுகிறது.

திருக்குறளின் பொருட்பாலில் இடனறிதல் என ஓர் அதிகாரம் வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. வலிமையும் காலமும் அறிந்தவனுக்கும் இடம் அறிதல் வேண்டும் என்பது அதன் கருத்து. நீரில் வெல்லும் முதலை கரையில் தோற்பதையும், நிலத்துக்குரிய தேரும் கடலுக்குரிய கலமும் இடம் மாறிச் செல்ல மாட்டாமையையும் அது சுட்டுகிறது. தேரிலும் குறையில்லை, கலத்திலும் குறையில்லை. குறை, இடத்தை எண்ணாதவன் எண்ணத்தில் உள்ளது. ஒரு பதிப்பு சிறந்ததா என்று தனியே கேட்பதில் பயனில்லை. எந்நிலத்துக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் கேள்வி முழுமை பெறும்.

ஒரு கருநிரலும் அதன் உறுதிமொழியும்

நடந்த ஒன்றைக் காண்போம். 2022 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 22.04 என்னும் இயங்குதளத்தில் இயல்பாக அமைந்திருந்தது ஜி.சி.சி. 11. அத்தளத்துக்கு 2024-இன் தொடக்கத்தில் 6.5 எண்ணுடைய புதிய கருநிரல் வந்து சேர்ந்தது. அக்கருநிரல் ஜி.சி.சி. 12-ஆல் ஆக்கப்பட்டது. அதனோடு சேர வேண்டிய இயக்கிகளை 11-ஆம் பதிப்பைக் கொண்டு ஆக்க முயன்றபோது, 'இவ்வாணையை அறியேன்' என்று சொல்லித் தொகுப்பி நின்றுவிட்டது.

அவ்வாணை யாது? நிரலின் ஒரு பகுதி வேலை தொடங்கும்போது நினைவகத்தில் சிறிது இடத்தை எடுத்துக்கொள்ளும். அவ்விடத்தில் முன்னர் இருந்தவர் விட்டுச் சென்ற எச்சங்கள் கிடக்கலாம். அவ்வெச்சத்தில் ஒருவருடைய மறைச்சொல்லின் துணுக்கும் இருக்கக்கூடும். எடுத்துக்கொள்ளும் இடத்தை முதலில் சுழியத்தால் துடைத்துவிட்டே பயன்படுத்த வேண்டும் என்பதே அப்புதிய ஆணை. ஜி.சி.சி. 12 அதனைக் கற்றிருந்தது, 11 கற்றிருக்கவில்லை. புதிய கருநிரல், 'என் வீட்டில் நுழையும் எவரும் இடத்தைத் துடைத்த பின்னரே அமர வேண்டும்' என்று ஓர் உறுதிமொழியை மேற்கொண்டிருந்தது எனலாம். அவ்வுறுதிமொழியைப் புரிந்துகொள்ளவும் இயலாத ஒருவர் வாயிலில் நின்றார்.

இணையத் தொடர்பு உள்ளவர் 12-ஆம் பதிப்பைத் தருவித்துக்கொண்டு வேலையை முடித்தனர். தொடர்பில்லாத இடத்தில் நிற்பவர்க்கு இரு வழிகள். ஒன்று, திரும்பிச் சென்று சரியான தொகுப்பியை உள்ளே வைத்துப் படிமத்தை மீண்டும் ஆக்குவது. அதற்குக் காலம் வேண்டும், மேலாளரின் சினத்தைத் தாங்கும் மனமும் வேண்டும். மற்றொன்று, அவ்வாணையையே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது. இரண்டாவது வழியில் சென்றாலும் இயக்கி உருவாகும், கருநிரலில் சேரும், கருவி இயங்கும். வேலை முடிந்தது என்று அறிக்கையும் எழுதலாம். துடைக்கப்படாத இடம் மட்டும் எவர் கண்ணுக்கும் தெரியாமல் கிடக்கும்.

'பெரும்பாலும்' என்னும் சொல்

மறுதரப்பாரின் வாதத்தை இகழ்ந்து ஒதுக்குதல் நேர்மையாகாது. அவர் கூறுவது இது: பதிப்பு எண் வேறுபட்டாலும் சி மொழியில் ஆக்கப்பட்ட உறுப்புகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இசைந்தே நடக்கும். லினக்ஸின் 2.6 வரிசையின் தொடக்க வெளியீடுகளில், உள்ளே வரும் ஒவ்வோர் உறுப்பும் தன் தொகுப்பியின் பதிப்பைச் சொல்ல வேண்டும் என்றும், பொருந்தாவிடில் ஏற்பதில்லை என்றும் ஒரு நடைமுறை இருந்தது. பின்னாளில் கருநிரலை ஆக்குவோரே அதனை நீக்கிவிட்டனர். வீட்டுக்காரரே கேட்பதை நிறுத்திவிட்ட பிறகு விருந்தினர் மட்டும் ஏன் நாள் பார்க்க வேண்டும்? என்விடியா நிறுவனத்தின் இயக்கி நிறுவல் நிரல் இரு பதிப்புகளையும் ஒப்பிட்டு எச்சரிக்கும். எனினும் அவ்வெச்சரிக்கையைப் புறக்கணிப்பதற்கான சொல்லையும் அதுவே வைத்திருக்கிறது. அச்சொல்லைப் பயன்படுத்தியவர் பலர்க்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆதலின் பதிப்புப் பொருத்தம் பார்ப்பது, மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது போன்ற ஒரு சடங்கே என்பது அவர் முடிபு.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. காரணம் அறியாமல் எண்ணை மட்டும் பொருத்திப் பார்ப்பது சடங்கே. ஆனால் காரணம் அறியாமல் எச்சரிக்கையைத் தள்ளுவதும் சடங்கே அன்றோ? முன்னவர் அஞ்சிக் கும்பிடுகிறார். பின்னவர் துணிந்து திரும்பிக்கொள்கிறார். இருவரும் என்ன நிகழ்கிறது என்று பார்க்கவில்லை. கருநிரலை ஆக்கியோர் அச்சோதனையை நீக்கியது அறியாமையால் அன்று. அவர்கள் வேறுபாட்டின் தன்மையை அறிந்து, அக்காலத்து நிலைமையை எடைபோட்டு, அதற்குப் பொறுப்பேற்று நீக்கினர். அவர்களுடைய முடிவை மேற்கோள் காட்டுவோர் அவர்களுடைய ஆராய்ச்சியையும் மேற்கொள்ளக் கடமைப்பட்டவர்.

நிலைமையோ மாறக்கூடியது. 2018 சனவரியில் ஸ்பெக்டர் என்னும் குறைபாடு உலகுக்கு வெளிப்பட்டது. செயலிகள் அடுத்துச் செல்லப்போகும் வழியை முன்கூட்டியே ஊகித்து ஓடும் பழக்கமுடையவை. அவ்வூகத்தைத் திசைதிருப்பிப் பிறருடைய மறைபொருளைக் கவர முடியும் என்று தெரியவந்தது. அதற்குரிய காப்புகளுள் ஒன்றைத் தொகுப்பியே அமைத்துத் தர வேண்டியிருந்தது. அம்மாதமே வெளிவந்த ஜி.சி.சி. 7.3 அக்காப்பினை அமைக்கும் ஆற்றலோடு வந்தது. அன்று தொட்டு, காப்போடு ஆக்கப்பட்ட கருநிரல், காப்பின்றி ஆக்கப்பட்ட உறுப்பு ஒன்று உள்ளே வருமாயின், 'இக்கணினி தீங்குக்கு உட்படலாம்' என்று பதிவேட்டில் எழுதலாயிற்று. நேற்றுவரை நடையழகின் வேறுபாடாக இருந்த ஒன்று ஓரிரவில் பாதுகாப்பின் வேறுபாடாயிற்று. நூறு கதவுகளில் தொண்ணூற்றொன்பதைப் பூட்டி ஒன்றைத் திறந்து வைத்த வீட்டைப் பூட்டிய வீடு என்று சொல்வார் இல்லை.

ஆகவே 'பெரும்பாலும்' என்னும் சொல்லை ஆராய வேண்டும். தன் உயிரைப் பணயம் வைப்பவன் 'பெரும்பாலும் பிழைப்பேன்' என்று சொன்னால் அது துணிவு. பிறர் உடைமையைப் பணயம் வைப்பவன் அதே சொல்லைச் சொன்னால் அது வேறு. படிமத்தை ஆக்குபவன் எச்சரிக்கையை அடக்கும்போது, நூற்றில் ஒரு பங்கு தீங்கினைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதில்லை. அதனை அக்கருநிரலின்மேல் வாழப்போகும் முகமறியாதவர்மேல் ஏற்றிவிடுகிறான். அவர்களைக் கேட்கவில்லை, அவர்களிடம் சொல்லவும் இல்லை. தீங்கு நேர்ந்ததா இல்லையா என்பது ஊழின் வசம். கேளாமல் ஏற்றியது அவன் வசம். அறத்தின் தராசு நிறுப்பது இரண்டாவதையே.

பெயரும் இயல்பும்

எண்ணைப் பொருத்திவிட்டால் கடமை முடிந்ததா? அதுவும் இல்லை. எண் என்பது பெயர். பெயர் ஒன்றாயிருப்பதால் இயல்பும் ஒன்றாயிருக்கும் என்பதில்லை.

2015 செப்டம்பரில் வெளியான ஒரு செய்தி இதற்குச் சான்று. ஆப்பிள் நிறுவனத்தின் எக்ஸ்கோடு என்னும் ஆக்கக் கருவித் தொகுதியைச் சீனாவில் இருந்த நிரலாளர் சிலர், மூல இடத்திலிருந்து பெறுவது தாமதமாகிறது என்பதற்காக வேறிடத்தில் கிடைத்த படியை எடுத்துப் பயன்படுத்தினர். அப்படியினுள் தீய நிரல் ஒளிந்திருந்தது. அதைக்கொண்டு ஆக்கப்பட்ட செயலிகள், ஆக்கியவர் அறியாமலே அத்தீமையைச் சுமந்து மக்கள் கைபேசிகளுக்குச் சென்றன. வீசாட் என்னும் புகழ்பெற்ற செயலியின் ஒரு பதிப்பும் அவற்றுள் அடங்கும். அவர்கள் எழுதிய மூலத்தில் ஓர் எழுத்தும் பிழையில்லை. அவசரத்தில் அருகில் கிடைத்த மொழிபெயர்ப்பாளனை நம்பியதே நேர்ந்தது. இணையமற்ற இடத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவோர் இதனைப் பலமுறை எண்ண வேண்டும். ஏனெனில் உள்ளே வைத்த படி நல்லதா என்று அங்கே சென்றபின் ஒப்பிட்டுப் பார்க்க வழியிராது.

இதனினும் ஆழ்ந்த ஐயத்தை எழுப்பியவர் கென் தாம்சன். யூனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியோருள் ஒருவரான அவர், 1983-ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் பரிசை ஏற்று ஆற்றிய உரை 1984-இல் அச்சாயிற்று. ஒரு தொகுப்பியை இரகசியமாகத் திருத்திவிடலாம் என்று அவர் காட்டினார். புகுபதிவு நிரலைப் பெயர்க்கும்போது அது ஒரு கள்ளக்கதவைச் சேர்க்கும். தொகுப்பியின் மூலத்தையே பெயர்க்கும்போது, அவ்வாறு சேர்க்கும் வஞ்சகத்தையும் புதிய தொகுப்பிக்குள் சேர்த்துவிடும். பிறகு மூலத்தை எத்துணை முறை படித்தாலும் அதில் குற்றம் தெரியாது. குற்றம் மொழிபெயர்ப்பாளர் பரம்பரையில் வழிவழியாக ஓடும். முற்றிலும் தானே ஆக்காத ஒன்றை ஒருவன் முற்றிலும் நம்ப இயலாது என்பது அவர் உரையின் கருத்து.

இதனைக் கேட்டு மனம் தளர்ந்து, 'எதையும் உறுதியாக அறிய முடியாதெனின் பொருத்தம் பார்த்துத்தான் என்ன பயன்' என்று சொல்வாரும் உளர். முழு உறுதி கிட்டாது என்பது முயற்சியைக் கைவிடக் காரணமாகாது. எந்த மருத்துவரும் சாவை ஒழித்ததில்லை, மருத்துவம் நிற்கவில்லை. டேவிட் வீலர் என்பார் 2009-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு வழியை விளக்கினார். ஐயத்துக்குரிய தொகுப்பியின் மூலத்தைத் தொடர்பில்லாத வேறொரு தொகுப்பியால் பெயர்த்து, அப்பெயர்ப்பைக் கொண்டு அதே மூலத்தை மீண்டும் பெயர்த்து, வந்த விளைவை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது அம்முறை. டெபியன் குழுவினர் 2013 முதல், ஒரே மூலத்திலிருந்து எவர் எங்கே ஆக்கினாலும் ஒரே விளைவு வரவேண்டும் என்னும் முயற்சியில் ஈடுபட்டு வருகின்றனர். இவை யாவும் சொல்வது ஒன்றே: நம்பிக்கை வானத்திலிருந்து விழுவதன்று, பலர் கைகளால் சோதித்துக் கட்டப்படுவது.

கடமையின் எல்லை

இதுகாறும் கண்டவற்றால், காணாத இடத்துக்கு ஆக்குபவன் மேற்கொள்ளத்தக்க கடமைகள் மூன்று எனத் துணியலாம்.

முதலாவது, இடத்தை அறிதல். வாழப்போகும் கருநிரல் எது, அது எதனால் ஆக்கப்பட்டது என்பதை உரிய இடத்திலிருந்தே கேட்டறிய வேண்டும். அருகிலிருக்கும் கணினியின் விடையை அதற்கு ஈடாகக் கொள்ளலாகாது. சென்று காண இயலாவிடில், அங்குள்ளவரைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

இரண்டாவது, பிறப்பை மறையாமை. எத்தொகுப்பி, எப்பதிப்பு, எங்கிருந்து பெற்றது, பெற்றபோது மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டதா என்னும் செய்திகள் படிமத்தோடு செல்ல வேண்டும். மொட்டுக் கம்பில் கட்டும் சீட்டு மெய்யாயிருக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

மூன்றாவது, எச்சரிக்கையை வாய்மூடச் செய்யாமை. எச்சரிக்கையை ஒருபோதும் கடக்கலாகாது என்பதன்று இதன் பொருள். வேறுபாடு எத்தகையது என்று ஆராய்ந்து, தீங்கில்லை என்று தெளிந்து, சோதித்தும் பார்த்துக் கடப்பவன் குற்றவாளி அல்லன். அவன் அறிந்து முடிவெடுத்தவன். ஆனால் அம்முடிவினைத் தன் நெஞ்சுக்குள் பூட்டிவைக்க அவனுக்கு உரிமையில்லை. கடந்தேன் என்பதையும், ஏன் கடந்தேன் என்பதையும் பின்வருவோர் காணும் இடத்தில் எழுதி வைத்தால், அவர்கள் அம்முடிவினை மீண்டும் எடைபோட முடியும். எழுதாது விட்டால், அவர்கள் சார்பில் அவனே என்றென்றும் முடிவெடுத்தவனாகிறான். அறிந்து கடத்தலுக்கும் மறைத்துக் கடத்தலுக்கும் இடையே நிற்பது ஒரு வரிப் பதிவுதான். அவ்வொரு வரியில் அடங்கியிருக்கிறது வாய்மை.

இக்கடமைகளைச் சட்டம் எல்லா இடத்திலும் கட்டாயப்படுத்துவதில்லை. மேலாளர் பலர் கேட்பதுமில்லை. அவர் கேட்பது வேலை முடிந்ததா என்பதே. செய்தால் புகழ்வாரும் இல்லை, ஏனெனில் சரியாகப் பொருந்திய ஒன்று எவர் கவனத்துக்கும் வருவதில்லை. நன்கு கூடிய ஒட்டினை எவரும் நின்று பார்ப்பதில்லை. புகழும் தண்டனையும் இல்லாத அவ்விடத்தில் ஒருவன் என்ன செய்கிறான் என்பதே அவன் அறத்தின் அளவு.

சில ஆண்டுகள் கழித்து, வெளித்தொடர்பில்லாத ஓர் அறையில், பெயரறியாத ஓர் ஊழியர் அப்படிமத்தைத் திறக்கக்கூடும். ஆக்கியவன் வேறு வேலைக்குச் சென்றிருப்பான். அழைத்துக் கேட்க வழியிராது. ஏதோ ஒன்று பிழைபட்டிருக்கிறது. பல ஆய்வாளர்களின் உழைப்பு நின்று காத்திருக்கிறது. இக்கருநிரலுக்காக, இத்தொகுப்பியின் இப்பதிப்பு, இக்காரணத்தால் வைக்கப்பட்டது என்னும் ஒரு வரி அங்கே இருக்குமானால், அவ்வூழியர் எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பதை அறிவார். எச்சரிக்கை ஒன்று கடக்கப்பட்டிருந்தால் அதனையும் அவ்வரி சொல்லட்டும்.